தூக்குமேடை ஏறிய தொழிலாளர் தலைவர்

ஜார் மன்னனைக் கொல்லச் சதி செய்தான் என்று 1887இல் ருஷ்யாவிலே 21 வயது மாணவன் அலெக்ஸாண்டர் உலியானவ் தூக்கிலிடப்பட்டான். அவன் தம்பியே பின்னாளில் லெனின் எனப் புகழ் பெற்றவர். இதனை நம்மவர் பலர் அறிவர். நம் கணபதியை அறிவரோ?

தஞ்சைத் தம்பிக்கோட்டையிற் பிறந்த எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்தவர். 1948இல் சம்மேளனம் தடையுற்றது, அவசரகாலமும் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக, இந்திய அரசு வேண்டியும் கேளாது, 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர்ப் புடுச் சிறையில் ஆங்கில ஆட்சி அவரைத் தூக்கிலிட்டது.

துப்பாக்கி வழியை நாம் ஒப்பவில்லை. ஆயினும், பால்மரம் வெட்டியோரின் கூலிக்காக எழுந்த குரலை மறத்தல் தகுமோ? செடெனாக்கில் மாரியம்மன் திருவிழாவுக்கு நாள் குறிக்கும் நாம், மே 4ஆம் நாளையும் நம் பிள்ளைகட்குச் சொல்லுவோமாக!