அட்டாரா கச்சேரியிலிருந்து விதான சௌதா வரை: மைசூரை ஆண்டவர்களும் நாமும்

கப்பன் பூங்காவில், சிவப்பு நிற நூலகக் கட்டடத்துக்கு முன்னால் நிற்கும் சேஷாத்ரி ஐயர் சிலையை நம்மில் பலரும் பார்த்திருப்போம். எனக்கு எட்டு வயதிருக்கும்போது தாத்தா என்னைக் கைபிடித்து அங்கே கூட்டிப்போனார். "இவரு யாரு தெரியுமாடா? மைசூர் திவான். நம்ம தமிழ் பேசுறவரு," என்றார். "அப்போ நம்மளையெல்லாம் இவர்தான் ஆண்டாரா தாத்தா?" என்று கேட்டேன். தாத்தா சிரித்துவிட்டார். "இல்லடா. இவரு பேட்டைக்குத்தான் திவான். அல்சூர்ல இருந்த நம்ம ஆளுங்களுக்குத் துரைதான் எல்லாம்."

அந்தப் பதில் அன்று எனக்குப் புரியவில்லை. இந்த மலருக்காக "மைசூரை ஆண்ட தமிழ்த் திவான்கள்" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோதுதான் அது மீண்டும் நினைவுக்கு வந்தது. பெருமையோடு ஒரு பட்டியல் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத, பட்டியலைவிடத் தாத்தாவின் சிரிப்பே பெரிதாகத் தெரிந்தது. ஆகவே வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். தலைப்பைச் சற்றே மாற்றிக்கொண்டேன்.

திவான் என்பவர் யார்?

இன்றைய கணக்கில் சொன்னால் திவான் என்பவர் முதலமைச்சர் மாதிரி. அரசின் நிர்வாகத் தலைவர். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மகாராஜா நியமித்தார், ஆங்கிலேயர் தலையசைத்தார்கள். ஆகவே அவர் பதில் சொல்ல வேண்டிய இடங்களும் அந்த இரண்டுதான்.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின், ஆங்கிலேயர் மைசூர் அரியணையில் ஐந்து வயதுக் குழந்தையான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை அமர்த்தினார்கள். குழந்தையா நாட்டை ஆளும்? ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் பணிசெய்த பூர்ணையாவே திவானாகி, 1811 வரை ஆட்சியை நடத்தினார். அவருடைய பிறப்பிடம் தமிழகத்துப் பக்கம் என்பார்கள். ஆண்டவர்கள் மாறினாலும் கணக்கும் கருவூலமும் அறிந்த அந்த மனிதர் மாறவில்லை என்பது வியப்புத்தான்.

பிறகு மகாராஜாவே நேரடியாக ஆண்டார். நகர் சீமையில் குடியானவர்கள் கலகம் செய்தபோது, அதைக் காரணம் காட்டி 1831-ல் ஆங்கிலேயர் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகள் கமிஷனர்கள் ஆட்சி. கப்பன் பூங்கா, பௌரிங் மருத்துவமனை என்று நாம் நாள்தோறும் சொல்லும் பெயர்கள் அந்தக் கமிஷனர்களான மார்க் கப்பன், லெவின் பௌரிங் ஆகியோருடையவை. இன்று உயர்நீதிமன்றமாக இருக்கும் அட்டாரா கச்சேரி 1868-ல் கட்டி முடிக்கப்பட்டது. பதினெட்டு இலாகாக்கள் அங்கே இருந்ததால் அந்தப் பெயர்.

செங்கல்பட்டிலிருந்து வந்தவர் திறந்த கதவு

1881 மார்ச்சு 25 அன்று ஆங்கிலேயர் நாட்டைப் பத்தாம் சாமராஜ உடையாரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போது திவானானவர் ரங்காசார்லு. செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்து, சென்னை மாகாண அரசுப் பணியில் பழகி, மைசூருக்கு வந்தவர். 1876 முதல் 1878 வரை வாட்டிய கொடும் பஞ்சத்தால் நாடு மெலிந்து கிடந்த நேரம் அது.

அந்த நெருக்கடியிலும் அவர் செய்த ஒரு காரியத்தை நாம் மறக்கக்கூடாது. 1881 அக்டோபரில், தசராவையொட்டி, 144 பேரை மைசூருக்கு வரவழைத்து அவர்கள் முன்னால் அரசின் வரவு செலவையும் திட்டங்களையும் எடுத்துச் சொன்னார். அதுவே பிரஜா பிரதிநிதி சபை. இந்திய சமஸ்தானங்களில் அதற்கு முன் இப்படி ஒன்று இருந்ததில்லை. வந்தவர்கள் வசதியுள்ள நிலக்காரர்களும் வணிகர்களும்தான். பொது வாக்குரிமையும் இல்லை, சட்டம் செய்யும் அதிகாரமும் இல்லை. ஆனாலும் ஆள்பவர் எழுந்து நின்று கணக்குச் சொல்வதும், எதிரே இருப்பவர் குறை கேட்பதும் அன்று தொடங்கின. ரங்காசார்லு இரண்டு ஆண்டுகூட ஆளவில்லை. 1883 ஜனவரியில் காலமானார். அவர் திறந்துவைத்த கதவு மூடவில்லை.

காவிரியின் அக்கரையில் நின்ற பாலக்காட்டுக்காரர்

அடுத்து வந்த கு. சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர். 1883 முதல் 1901 வரை பதினெட்டு ஆண்டுகள் திவான். மைசூரில் இத்தனை நீண்ட காலம் அப்பதவியில் இருந்தவர் வேறொருவர் இல்லை. ஹெசரகட்டாவிலிருந்து பெங்களூருக்குக் குடிநீர், 1890-களில் உருவான பசவனகுடி, மல்லேசுவரம் குடியிருப்புகள், விக்டோரியா மருத்துவமனை, எல்லாம் அவர் காலத்தவை. சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்க வயலுக்கு அனுப்பும் திட்டத்தையும் அவர்தான் தொடங்கினார். 1902-ல் மின்சாரம் பாய்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. அதே மின்சாரம் 1905-ல் பெங்களூர்த் தெருவிளக்குகளுக்கும் வந்தது.

இங்கே ஒரு செய்தியை நிறுத்திப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். காவிரி உள்ளிட்ட ஆறுகளின் நீர் குறித்து மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் ஏற்பட்ட முதல் பெரிய உடன்பாடு 1892-ஆம் ஆண்டுடையது. அந்த ஆண்டில் மைசூர் அரசின் தலைவராக இருந்தவர் இந்தத் தமிழ் பேசும் சேஷாத்ரி ஐயரேதான்! அடுத்த உடன்பாடு 1924-ல். மைசூர் சார்பில் அதில் கையெழுத்திட்ட திவான் ஆல்பியன் பானர்ஜி, வங்காளக் குடும்பத்தவர். ஆக, காவிரி வழக்கின் வேர், தமிழர் ஒருபுறம் கன்னடர் மறுபுறம் என்று நாம் இன்று போடும் கோட்டில் இல்லை. எந்த நாட்டின் உப்பைத் தின்றார்களோ அந்த நாட்டுக்காக அவர்கள் பேசினார்கள்.

ஆனால் உள்ளூர்க்காரர்களின் மனக்குறையும் பொய்யல்ல. பெரிய பதவிகளெல்லாம் சென்னையிலிருந்து வந்தவர்களுக்கே போகின்றன என்று படித்த மைசூர் இளைஞர்கள் வருந்தினார்கள். "மைசூர் மைசூராருக்கே" என்ற குரல் எழுந்தது. மைசூர்க் கட்சி, சென்னைக் கட்சி என்று அதிகாரிகளே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். சேஷாத்ரி ஐயருக்குப்பின் பூர்ணையாவின் வழித்தோன்றலான பி. என். கிருஷ்ணமூர்த்தி வந்தார். பிறகு 1906-ல் கும்பகோணத்தில் பிறந்த வி. பி. மாதவ ராவ். அவர் காலத்தில் 1907-ல் சட்டமன்றம் தோன்றியது. 1908-ல் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டமும் வந்தது. ஒரே கை ஒரு கதவைத் திறந்து இன்னொன்றை அடைத்தது என்று சொல்லலாமா?

உள்ளூர்க்காரர் வந்ததும் தீர்ந்ததா?

1912-ல் முத்தேனஹள்ளியில் பிறந்த விசுவேசுவரய்யா திவானானார். மைசூர்ப் பல்கலைக்கழகம் (1916), மைசூர் வங்கி (1913), பத்ராவதி இரும்பாலை என்று அவர் பெயர் சொல்லும் பணிகளைக் குழந்தைகளும் அறிவார்கள். வெளியூர்க்காரர் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் கேள்வி வேறு உருவம் எடுத்தது. உள்ளூரிலேயே அரசு வேலைகள் ஒரு வகுப்பாருக்கே ஏன் போகின்றன என்று பிராமணரல்லாதார் கேட்டனர். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1918-ல் மில்லர் குழுவை அமைத்தார். அதில் உடன்பாடில்லாத விசுவேசுவரய்யா பதவி விலகினார். காந்தராஜ அரசு வந்தார். 1926 முதல் 1941 வரை ஆண்ட மிர்சா இஸ்மாயில் பெங்களூரிலேயே பிறந்தவர். நகரை அழகுபடுத்தியவர் என்று இன்றும் போற்றப்படுபவர். அவர் காலத்தில்தான், 1938 ஏப்ரலில், விதுராசுவத்தத்தில் கொடியேற்றக் கூடிய மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது.

பிறந்த ஊரை வைத்து ஆட்சியை அளக்க முடியாது என்பது எனக்கு இங்கேதான் உறைத்தது.

தண்டும் பேட்டையும்

இப்போது தாத்தாவின் சிரிப்புக்கு வருகிறேன். 1809-ல் ஆங்கிலேயர் பெங்களூரில் படைமுகாம் அமைத்தபோது, சென்னைப் படையோடு சிப்பாய்களும், சமையல்காரர்களும், கொத்தனார்களும், வணிகர்களும் தமிழகத்திலிருந்து வந்தார்கள். அந்தப் பகுதியைத்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் "தண்டு" என்றார்கள். 1881-ல் நாட்டைத் திருப்பிக் கொடுத்தபோது தண்டை மட்டும் ஆங்கிலேயர் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். அதை ஆண்டவர் ரெசிடெண்டு துரை. கப்பன் பூங்காவுக்கு அந்தப் பக்கம் மகாராஜாவின் பேட்டை. இந்தப் பக்கம் துரையின் தண்டு.

அதாவது, ரங்காசார்லுவும் சேஷாத்ரி ஐயரும் மைசூரை ஆண்ட காலத்தில், பெங்களூர்த் தமிழரில் பெரும்பகுதியினர் அவர்கள் ஆட்சிக்குள்ளேயே இல்லை. நாம் பெருமை பேசும் தமிழ்த் திவான்கள் கன்னடக் குடியானவர்களை ஆண்டார்கள். அல்சூரிலும் சிவாஜி நகர்ப் பக்கத்திலும் இருந்த தமிழ்த் தொழிலாளியை ஆண்டவர் வெள்ளைக்காரர். 1947-ல்தான் தண்டு மைசூரோடு சேர்ந்தது.

கடைசித் திவான், முதல் முதலமைச்சர்

அந்த 1947-ல் திவானாக இருந்தவரும் நம்மவரே: ஆற்காடு இராமசாமி முதலியார். நீதிக்கட்சியின் பெரும் பேச்சாளர். 1946-ல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவர். உலகமே மதித்த அறிவாளி. நாடு விடுதலை பெற்றும் மைசூரில் மக்களாட்சி வரவில்லையே என்று 1947 செப்டம்பரில் "மைசூர் சலோ" கிளர்ச்சி மூண்டது. மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவுக்கு வந்தார்கள்; சிறைகள் நிறைந்தன. அவர்கள் எதிர்த்தது முதலியார் நடத்திய அரசை. அதில் தமிழர் வெறுப்பைத் தேடுவது தவறு. யாருக்கும் பதில் சொல்லாத ஆட்சி போதும் என்பதுதான் அதன் பொருள்.

அக்டோபரில் மகாராஜா இணங்கினார். 1947 அக்டோபர் 25 அன்று கே. செங்கலராய ரெட்டி முதலமைச்சரானார். முதலியார் 1949 வரை பெயரளவில் திவானாக இருந்தார். அதோடு அந்தப் பதவியே மறைந்தது.

கனடாவில் நோவா ஸ்கோஷியா என்று ஒரு சிறிய மாகாணம் உண்டு. அங்கே 1848-லேயே, தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் நம்பிக்கை பெற்றவரே அரசை நடத்தலாம் என்ற முறை வந்துவிட்டது. அதே ஆங்கிலப் பேரரசின் கீழிருந்த மைசூர் அதற்கு 99 ஆண்டு காத்திருந்தது. 1952 தேர்தலில் தாத்தா வாக்களித்தார். "துரையும் கேக்கல, திவானும் கேக்கல, இந்தச் சீட்டுத்தான் மொத மொத என்னைக் கேட்டுச்சு," என்பார். அப்போது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

பதில் சொல்பவர்கள்

பின்னர் வந்தவர்களை நீங்கள் அறிவீர்கள். விதான சௌதாவை எழுப்பிய கெங்கல் அனுமந்தய்யா. 1956-ல் மொழிவழி மாநிலம் உருவானபோது ஆட்சிப் பொறுப்பேற்ற நிஜலிங்கப்பா. 1973-ல் மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் சூட்டி, உழுபவனுக்கு நிலம் தந்த தேவராஜ் அரசு. 1989-ல் எஸ். ஆர். பொம்மையின் அரசு கலைக்கப்பட்டபோது அவர் நீதிமன்றம் போனார். பெரும்பான்மை இருக்கிறதா என்பதை அவையில்தான் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று 1994-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. இந்தியா முழுதுக்கும் அது விதியாயிற்று. ரங்காசார்லு 144 பேர் முன்னால் எழுந்து நின்றதன் நீட்சி இது என்றே நான் படிக்கிறேன்.

வாக்குச்சீட்டு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று சொல்ல வரவில்லை. 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பையொட்டி நடந்த கலவரத்தை நம்மில் யார் மறக்க முடியும்? இரண்டு இரவுகள் நாங்கள் பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தின் சமையலறையில் இருந்தோம். அந்த அம்மா எங்களுக்கு ராகி முத்தே போட்டுவிட்டு, வாசற்படியில் தானே காவல் உட்கார்ந்தார். அதே ஆண்டு அல்சூர் ஏரிக்கரையில் நிறுவிய திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9 அன்று எடியூரப்பா முதலமைச்சராக இருக்கையில் கலைஞர் கருணாநிதி வந்து திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறந்தது. இருவரும் மக்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள். ஆகவே எதிர்ப்பு வரும் என்று தெரிந்தும் செய்த அந்தக் காரியத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

இப்போது என் பேத்தியைக் கப்பன் பூங்காவுக்கு அழைத்துப் போகிறேன். சேஷாத்ரி ஐயர் சிலையைக் காட்டி, தமிழ் பேசியவர் என்று சொல்லத்தான் செய்கிறேன். அதில் என்ன குறை? ஆனால் அதோடு நிறுத்துவதில்லை. அட்டாரா கச்சேரிக்கும் விதான சௌதாவுக்கும் நடுவில் ஓடும் சாலைக்குக் கூட்டிப்போய் இரண்டு கட்டடத்தையும் காட்டுகிறேன். "அந்தச் சிவப்புக் கட்டடத்துல இருந்து ஆண்டவங்க நம்மைக் கேக்கல கண்ணு. இந்தக் கல் கட்டடத்துல இருக்கறவங்க அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் நம்ம வாசலுக்கு வந்தே ஆகணும். வரும்போது கேள்வி கேக்கக் கத்துக்கோ. கன்னடத்துலயே கேளு."