பெற்றோர் மீது குற்றச்சாட்டு: இரு விசாரணைகளும் ஒரு குழந்தையும்

குழந்தையைத் தகப்பனோ தாயோ கொடுமைப்படுத்தியதாகப் புகார் எழுந்த மாத்திரத்தில், நம் சட்டம் இரண்டு விசாரணைகளைத் தொடங்கி வைக்கிறது. குற்றம் நடந்ததா, நடத்தியவர் தண்டனைக்குரியவரா என்று ஆராய்வது நியாயஸ்தலத்தின் வேலை. அந்தக் குழந்தை இனி யாருடைய பாதுகாப்பில் வாழ்வது என்று தீர்மானிப்பது குழந்தைகள் நலக் குழுவின் வேலை. முதலாவதையே முழு வழக்காகப் பாவித்து, இரண்டாவதை அலுவலகச் சடங்காக நடத்திவிடும் வழக்கம், குழந்தைக்கும் குற்றஞ்சாட்டப்பட்ட பெற்றோருக்கும் ஒருசேர அநீதி விளைவிக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதல் விசாரணையின் போக்கைப் பலரும் அறிவர். அடித்தல், புறக்கணித்தல், கைவிடுதல் முதலிய கொடுமைகளுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 75ஆம் பிரிவில், மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. பாலியல் குற்றமாயின் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வந்து நிற்கும். இரத்த உறவினர் செய்ததென்றால் அவ்வுறவையே குற்றத்தைக் கடுமையாக்கும் காரணமாகக் கொள்வதும், தெரிந்தும் தெரிவிக்காதவரைத் தண்டிப்பதும் அதன் தன்மை. ஆனால் அச்சட்டம் குழந்தையின் வாக்குமூலத்தைப் பெற்றோரோ, குழந்தை நம்பும் வேறொருவரோ உடனிருக்கையில் பதிய வேண்டும் என்கிறது. பெற்றோரே பிரதிவாதியாகும்போது அந்த ‘வேறொருவர்’ யார் என்பதில்தான் குழந்தை பேசுவதும் ஊமையாவதும் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது விசாரணையின் இலக்கணம் வேறு. தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்ட குழுவின்முன் குழந்தையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும். போக்சோ வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒரே வீட்டில் வசிப்பவராயின், குழந்தையை அங்கிருந்து அகற்றுவது அவசியமா என்று மூன்று நாளில், குழந்தையின் விருப்பத்தையும் கேட்டு, முடிவு செய்ய வேண்டும். சமூக விசாரணை 15 நாளில் முடிந்து, நான்கு மாதத்துக்குள் இறுதி ஆணை பிறக்க வேண்டும். மேற்பார்வையுடன் பெற்றோரிடமே ஒப்படைக்கலாம், தகுதியுள்ள வேறொருவரிடம் விடலாம், காப்பகத்துக்கும் அனுப்பலாம். காப்பகம் கடைசி வழியே என்பதையும், சம்பந்தப்பட்டவரைக் கேளாமல் முடிவு செய்யலாகாது என்பதையும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தத்துவங்களாகவே வகுத்திருக்கிறது. ஆணையில் குறை கண்டவர் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். இந்த உரிமையை அறிந்த பெற்றோர் அரிதினும் அரிது.

ஆரணிப் பட்டு நெய்யும் கண்ணமங்கலத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நெசவாளர் வீடுகளில் இக்கொடுமை மிகுதி என்பதாலன்று, வீடே தொழிற்கூடமான ஊரில் சமூக விசாரணை எவ்வளவு நுட்பமாக நடக்க வேண்டும் என்பது அங்கே துலக்கமாகத் தெரிவதால். கூடத்தில் பாதியைக் குழித்தறி அடைத்துக்கொள்ள, எஞ்சிய இடத்தில் சமையலும் படிப்பும் உறக்கமும் நடக்கும் வீட்டினுள் நுழையும் வெளியூர் அலுவலர், பள்ளி விட்டு வந்த சிறுமி ராட்டையருகே அமர்ந்து தார் சுற்றுவதைக் கண்டு, அதையே கொடுமையென எழுதிக்கொண்டு திரும்பிவிடக்கூடும். சிறார் உழைப்பு தனிக் கேள்வி. அதற்குத் தனிச் சட்டம் உண்டு. முழங்கையிலுள்ள தழும்பு எப்போது ஏற்பட்டது, தகப்பன் குடித்துவிட்டு வரும் இரவில் அவள் யார் வீட்டுக்கு ஓடுகிறாள், அடுத்த தெருப் பாட்டி அவளை வைத்துக்கொள்வாளா என்பவையே அறிக்கையில் இருக்க வேண்டியவை. அவற்றை அறிய, அண்டை வீட்டுத் திண்ணையில் பொறுமையாக அமர்ந்து பேச வேண்டும்; அச்சடித்த படிவத்தைப் பூர்த்தி செய்தால் போதாது.

தூரமும் ஒரு தடையே. வேலூர் அருகிலிருந்தாலும், கண்ணமங்கலம் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்ததாதலால், குழுவின்முன் நிற்கப் போளூரைக் கடந்து மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்குத் தறி நின்ற நாள் கூலியற்ற நாள். அவர் இரண்டு தவணை வராவிட்டால், ‘குழந்தையில் அக்கறையற்றவர்’ என்ற அபிப்பிராயம் கோப்பில் ஏறிவிடுகிறது.

2021 ஆகஸ்டில், விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு தாய் தன் கைக்குழந்தையை அடிக்கும் காட்சி கைப்பேசிகளில் பரவி, சில நாளில் அவர் கைதானார். நாடே அத்தாய்க்கு என்ன தண்டனை என்று கேட்டது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடலாகாதென இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுத்திருந்தும், அக்காட்சியைப் பரப்பியவர்கள் அதை நினைத்துப் பார்க்கவில்லை. மாறாக, மணவாழ்க்கைப் பிணக்கில் எழுந்த ஒரு போக்சோ வழக்கை, தகப்பன் குற்றமற்றவர் என்று மகளே கூறியதை ஏற்று, 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், புகாரை நம்புவதா ஐயுறுவதா என்று நாம் சர்ச்சை செய்வதைவிட, முதல் மூன்று நாளில் குழந்தையைத் தனியே, அச்சமின்றிப் பேசவைப்பது பன்மடங்கு அவசியம் என்பது விளங்கும்.

ஆகவே, மாதத்துக்கு 20 நாளேனும் கூட வேண்டிய குழு, அவற்றில் இரண்டு நாள் ஆரணியிலுள்ள ஒரு குழந்தைகள் நிறுவனத்தில் கூடட்டும். ஆணைக்கு முன்பே சமூக விசாரணை அறிக்கையின் சாரத்தைப் பெற்றோருக்குத் தமிழில் படித்துக் காட்டட்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவர் அன்று அங்கே இருக்கட்டும். இதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.