பள்ளித் துடுப்பாட்டச் சாதனைகள்: கால ஒப்பீடு

பள்ளி மாணவர் ஒருவர் ஒரே இன்னிங்ஸில் குவித்த ஓட்டங்களைக் காலம் கடந்து ஒப்பிடும்போது, எண்ணிக்கையை விட அவை வந்த வழியே கூடுதலாகப் பேசும். 1899 ஜூனில் இங்கிலாந்தின் கிளிஃப்டன் கல்லூரியில், விடுதிகளுக்கிடையிலான இளையோர் போட்டியில் 13 வயது ஏ. ஈ. ஜே. கொலின்ஸ் ஆட்டமிழக்காமல் 628 ஓட்டங்கள் எடுத்தார். மைதானத்தின் ஒரு பக்க எல்லை மிகக் கிட்ட. அதைத் தாண்டினாலும் 2 ஓட்டந்தான். மறுபக்கம் சரிவு, முழுவதையும் ஓடியே எடுக்கவேண்டும். அவரது கணக்கில் இரட்டை ஓட்டங்களே 146.

2016 ஜனவரியில் மும்பைக்கு அருகே கல்யாணில் பிரணவ் தனவாடே 323 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 1009 எடுத்து கொலின்ஸின் சாதனையை முறியடித்தார். 129 நான்குகள், 59 ஆறுகள். ஓடி எடுத்தவை 139 மட்டுமே. எதிரணி இரு இன்னிங்ஸிலும் 31, 52 ஓட்டங்களுக்குச் சுருண்டது. ஆறரை மணி நேரம் களைக்காமல் நின்றது அவர் திறமைதான். ஆனால் எதிரணியின் பந்துவீச்சு பலவீனமானது.

இவற்றை விட எடை கூடியது, 1988 பெப்ரவரியில் மும்பைப் பள்ளிகளுக்கான ஹாரிஸ் கேடயப் போட்டியின் அரையிறுதியில் சச்சின் டெண்டுல்கரும் (326) வினோத் காம்ப்ளியும் (349) இணையாகப் பிரியாமல் சேர்த்த 664 ஓட்டங்கள். போட்டியின் தரம் அத்தகையது.