சுவரேறிய பெயர்கள்: பழுவூர்க் கல்வெட்டு முதல் பிளக்ஸ் வரை

ஒரு தெருவின் சுவரில் யாருடைய பெயர் இருக்கிறதோ, அவருக்கு அந்தத் தெருவில் செல்வாக்கு உண்டு என்ற எண்ணம் தமிழ்நாட்டில் பழையது. சோழர் காலத்தில் அது கோயில் கருங்கல்லில் நிலைபெற்றது. இருபதாம் நூற்றாண்டில் தாருக்கும் சுண்ணாம்புக்கும், அதன்பின் பிளக்ஸுக்கும் இடம் மாறியது. இந்த வரலாற்றின் பல கட்டங்களை அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூரிலும் அதைச் சுற்றிய வட்டாரத்திலும் காணலாம்.

பழுவூர் வட்டாரம் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பதினோராம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பழுவேட்டரையர்களின் ஆட்சியில் இருந்தது. இவர்கள் சோழருக்கு உட்பட்ட சிற்றரசர்கள். சோழரோடு மண உறவும் கொண்டவர்கள். மேலப்பழுவூரை அடுத்த கீழையூரில் இவர்கள் காலத்தில் எழுந்த இரட்டைக் கோயில் வளாகம், பழுவேட்டரையரின் விருதுப் பெயரைத் தாங்கி ‘அவனி கந்தர்ப்ப ஈசுவர கிருகம்’ எனப்பட்டது. கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயில் சம்பந்தரின் பதிகம் பெற்ற தலம். கோயிலுக்குக் கொடை தந்தவரின் பெயரும் ஊரும் கல்லில் வெட்டப்பட்டன. அரசர்கள் மட்டுமல்ல, படைவீரர்களும் வணிகர்களும் பெண்களும் இப்படிப் பெயர் பொறித்தனர். பாண்டியனும் ஈழத்து அரசனும் ஒன்றுசேர்ந்து சோழரை எதிர்த்த வெள்ளூர்ப் போரில் பழுவேட்டரையர் கண்டன் அமுதனார் பெற்ற வெற்றியை, அவர் பக்கம் நின்ற ஒருவர் அளித்த கொடையைச் சொல்லும் பழுவூர்க் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. வென்ற தலைவனின் பெயரும் அவனைச் சார்ந்தவனின் பெயரும் ஒரே கல்லில் நிற்கின்றன. தலைவனின் புகழில் தொண்டனும் பங்கு பெறும் இந்த வழக்கம் பிற்காலச் சுவரெழுத்திலும் தொடர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திராவிட இயக்கம் சுவரைப் பிரசார மேடையாக்கியது. அச்சகச் செலவுக்கு வழியில்லாத கிளைகளுக்கு ஒரு வாளித் தாரும் மட்டையும் போதும். ரயில் நிலையப் பலகைகளிலிருந்த இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழிக்கும் போராட்டம் 1952-இல் நடந்தது. மறு ஆண்டு, கீழப்பழுவூரிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் உள்ள கல்லக்குடி தமிழகம் அறிந்த பெயரானது. சிமெண்ட் ஆலை முதலாளியின் பெயரால் அங்குள்ள ரயில் நிலையம் டால்மியாபுரம் என்று அழைக்கப்பட்டு வந்தது. 1953 ஜூலை 15 அன்று மு. கருணாநிதி தலைமையில் சென்ற தி.மு.க.வினர், நிலையப் பலகையின் மேல் ‘கல்லக்குடி’ என்று எழுதிய தாளை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. கருணாநிதி சிறை சென்றார். பலகையில் ஒட்டிய ஒரு தாள் அவருக்கு மாநிலம் தழுவிய பெயரைத் தேடித்தந்தது. நிலையம் இன்று கல்லக்குடி பழங்காநத்தம் என்றே அறியப்படுகிறது.

கட்சிக் கிளைகளின் படிப்பகங்களும் அவற்றின் வழியில் வந்த ரசிகர் மன்றங்களும் தெருவுக்குத் தெரு இளைஞர்களை ஒன்றுசேர்த்தன. மன்றம் என்பது பெரும்பாலும் டீக்கடை ஓரத்துக் கீற்றுக் கொட்டகை, நாலு நாளிதழ், ஒரு பெயர்ப்பலகை. பலகையில் நடிகரின் படத்துக்குக் கீழே கிளையின் பெயர், பதிவு எண், பிறகு தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற வரிசையில் பெயர்கள் இருக்கும். யார் பெயர் முதலில், எவ்வளவு பெரிய எழுத்தில் என்பதில் தகராறு வந்து மன்றங்கள் இரண்டாக உடைவதும் உண்டு. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கியபோது, அவரது மன்றங்கள் புதிய கட்சியின் கிளைகளாக மாறின. தெருவில் பலகை வைத்தவர்கள் கிளைச் செயலாளர்களாகவும் ஒன்றியப் பொறுப்பாளர்களாகவும் உயர்ந்தனர்.

சுவரெழுத்து தனித் தொழிலாகவும் வளர்ந்தது. முதலில் சுண்ணாம்பு அடித்து, அது வெளுப்பாகத் தெரியக் கொஞ்சம் நீலம் கலப்பார்கள். காய்ந்ததும் நூல் பிடித்துக் கோடு போட்டு, வண்ணப்பொடியில் வஜ்ரம் என்ற பசை கலந்து எழுதுவார்கள். வஜ்ரம் சேராவிட்டால் முதல் மழையிலேயே எழுத்து வழிந்துவிடும். எழுத்துக்கு நிழல் கொடுத்து முப்பரிமாணமாகக் காட்டுவது கைதேர்ந்த ஓவியருக்கு அடையாளம். வேலை முடிந்ததும் ஓவியர் தன் பெயரையும் ஊரையும் மூலையில் சிறிதாக எழுதிவிடுவார். அடுத்த வேலை அதைப் பார்த்துத்தான் வரும். தேர்தல் நெருங்கும்போது நல்ல சுவர்களுக்குப் போட்டி மூளும். வெறும் சுவரில் கட்சியின் பெயரையும் ஆண்டையும் எழுதி ‘ரிசர்வ்டு’ என்று போட்டுவிட்டால், அடுத்த கட்சி அதைத் தொடக் கூடாது என்பது எழுதாத விதி. அதை மீறி எழுதுவது அந்தத் தெரு ஆட்களுக்குச் சவால் விடுவதாகும். பல கைகலப்புகள் இப்படித் தொடங்கியவை. கொடிக்கம்பங்களும் சாதிச் சங்கச் சின்னங்களும் இதே எல்லைக் கணக்கில்தான் இடம்பிடித்தன.

அமெரிக்காவில் பெயர்க் கிறுக்கல் ஏறத்தாழ இதே காலத்தில் பரவியது. 1960-களின் பிற்பகுதியில் பிலடெல்பியாவிலும், அடுத்து நியூயார்க்கிலும் இளைஞர்கள் புனைபெயர்களைச் சுவர்களிலும் சுரங்க ரயில்களிலும் எழுதினர். ‘டாக்கி 183’ என்று எழுதியவரைப் பற்றி 1971-இல் நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. அவர்கள் போலீசுக்கு அஞ்சிச் சொந்தப் பெயரை மறைத்தார்கள். தமிழ்நாட்டு மன்றத்துக்காரர் சொந்தப் பெயர், பதவி, ஊர் மூன்றையும் எழுதினார். அங்கே புகழ் எழுதுகிற கூட்டத்துக்குள் மட்டும் செல்லுபடியானது. இங்கே அது ஓட்டாகவும் பதவியாகவும் மாறக்கூடியதாக இருந்தது.

பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959-லேயே வந்துவிட்டது. தேர்தல் ஆணையம் பின்னர் விதித்த கட்டுப்பாடுகளால் நகரங்களில் சுவர் விளம்பரம் குறைந்தது. சென்னை மாநகராட்சி 2009 முதல் அண்ணா சாலை போன்ற இடங்களில் சுவரொட்டிகளை அகற்றி ஓவியங்கள் வரையச் செய்தது. 2020-இல் கண்ணகி நகர்க் குடியிருப்புகளின் சுவர்கள் பெரிய ஓவியங்களால் நிறைந்தன.

அதற்குள் பெயர் போடும் ஆசை பிளக்ஸுக்குக் குடிபெயர்ந்திருந்தது. 2000-களில் டிஜிட்டல் அச்சு மலிவானதும் காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் பேனர் வந்தது. சுவரில் பெயராக மட்டும் இருந்த ‘ஏரியா பசங்க’ பேனரில் வரிசையாகப் புகைப்படங்களாக நின்றனர். சுவர் ஓவியர்கள் பலர் தொழில் இழந்தனர். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். உயர் நீதிமன்றத்தின் கண்டனத்துக்குப் பிறகு முதன்மைக் கட்சிகள் பேனர் வைக்க வேண்டாம் என்று தொண்டர்களுக்கு அறிவுறுத்தின. 2025 ஜனவரியில், பொது இடங்களில் உள்ள கட்சி, சாதி அமைப்புகளின் கொடிக்கம்பங்களை அகற்றவும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

சட்டமும் உத்தரவும் இருந்தும் பேனர்கள் மறையவில்லை. ஆனால் வைத்தவர் யார் என்று இங்கே துப்புத் துலக்க வேண்டியதில்லை. பெயரையும் பதவியையும் படத்தையும் அவரே அச்சிட்டிருக்கிறார். குறை சட்டத்திலோ சாட்சியத்திலோ இல்லை. நடவடிக்கை எடுக்க வேண்டியவர்களின் மனத்தில்தான் இருக்கிறது.