கம்பளத்தின் தூசியும் ஒரு துப்புரவாளரின் மூச்சும்

தூசியை அகற்றுவதாக நாம் எண்ணுவது பெரும்பாலும் அதை இடம் மாற்றுவதே. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வீடுகளில் கம்பளத்தை முற்றத்தில் தொங்கவிட்டுப் பிரம்பால் அடித்தனர். தூசியில் பெரும்பங்கு அடித்த பணியாளரின் மூக்கிலேயே ஏறியது.

தூசியை ஊதி அகற்றும் கருவியொன்றை 1901இல் லண்டனில் கண்ட பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத், ஊதாமல் உறிஞ்சினால் என்ன என்று கேட்டார். அவர் செய்த எந்திரம் குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும். நீண்ட குழாய்கள் மட்டுமே சன்னல் வழியே உள்ளே நுழையும். ஏழாம் எட்வர்டின் 1902ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைத் தூய்மை செய்தது அதுவே.

ஆனால் எளிதில் கையாளத்தக்க கருவி அரண்மனை வழியாக வரவில்லை. அமெரிக்காவில், ஒகையோ மாநிலத்துக் கேன்டன் நகரில், ஓர் அங்காடியின் துப்புரவாளராக இருந்தவர் ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர். ஆஸ்துமா நோயாளியான அவருக்குக் கம்பளம் பெருக்குவதே வேதனையாக இருந்தது. மின்விசிறி மோட்டார், துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு ஓர் உறிஞ்சியை அமைத்து, 1908இல் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமையை வாங்கிய ஹூவரின் பெயர்தான் பிரித்தானிய ஆங்கிலத்தில் வினைச்சொல்லாயிற்று.

வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகளே தூசி ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணம் என்று லைடன் நகர ஆய்வாளர்கள் வூர்ஹோர்ஸ்ட்டும் ஸ்பீக்ஸ்மாவும் நிறுவியது 1960களில். ஸ்பாங்ளர் 1915இலேயே மறைந்துவிட்டார். துணிப்பையின் இழைகளூடே நுண்தூசி மீண்டும் அறைக்குள் பரவுவதைத் தடுக்கவே இன்றைய கருவிகளில் நுண்வடிகட்டிகள் பொருத்தப்படுகின்றன. வீட்டின் தூய்மையைத் தரையைப் பார்த்து மட்டும் முடிவுசெய்ய இயலாது. பெருக்குபவரின் மூச்சையும் கேட்க வேண்டும்.