காரின் ஏசியில் பூஞ்சை வாடை: காரணம் என்ன, சரிசெய்வது எப்படி?

பெங்களூரு: மழைக்காலத்தில் காரின் ஏசியை இயக்கிய முதல் சில விநாடிகளில் நனைந்த துணியின் வாடை வீசுவது பெங்களூரு வாகன ஓட்டிகளுக்குப் பழக்கமான ஒன்று. டேஷ்போர்டுக்குள் மறைந்திருக்கும் குளிர்சுருளில் வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவுமே பெரும்பாலும் இதற்குக் காரணம். வாசனைப் பொருட்கள் வாடையைச் சில நாட்கள் மறைக்கும், மூலத்தை அகற்றாது. சுருளில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்வதே நிலையான தீர்வாகும்.

வாடை எங்கிருந்து வருகிறது?

மெக்கானிக்குகள் 'கூலிங் காயில்' என்று அழைக்கும் குளிர்சுருள், மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட பாகமாகும். ஏசி இயங்கும்போது அது உறைநிலைக்குச் சற்று மேலான வெப்பநிலை வரை குளிர்கிறது. குளிர்ந்த நீர் நிரம்பிய டம்ளரின் வெளிப்புறத்தில் நீர் முத்துகள் கோப்பதைப் போலவே, காற்றிலுள்ள ஈரப்பதம் சுருளின் மீது நீராகப் படிகிறது. இந்த நீர் ஒரு தட்டில் சேர்ந்து, சிறிய ரப்பர் குழாய் வழியாகக் காரின் அடியில் சொட்டுகிறது.

கார் நின்றவுடன் நிலைமை மாறுகிறது. தகடுகளுக்கு இடையில் நீர் தேங்கியிருக்க, குளிர்ச்சி படிப்படியாகக் குறைகிறது. தூசு, மகரந்தம், இலைத் துகள்கள் அங்கு உணவாகின்றன. இருட்டும் காற்றோட்டமின்மையும் சேரும்போது நுண்ணுயிரிகள் வளர ஏற்ற இடம் உருவாகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999, 2000-ம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், கார் குளிர்சுருள்களில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒன்றாகப் படலம்போல் ஒட்டி வளர்வதும், அவை வெளியிடும் ஆவியாகும் சேர்மங்களுக்கும் வாடைக்கும் உள்ள தொடர்பும் விளக்கப்பட்டன.

எனவே, காற்று வெளிவரும் துவாரங்களை மட்டும் துடைப்பது முழுப் பலன் தராது. துவாரத்தில் தெரியும் கறுப்புப் புள்ளிகளின் மூலம் பெரும்பாலும் உள்ளே இருக்கிறது.

பெங்களூருவில் ஏன் கவனம் தேவை?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள இந்நகரில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 980 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே மாதக் கோடை மழையில் தொடங்கி, தென்மேற்குப் பருவமழையைக் கடந்து அக்டோபர் வரை ஈரமான நாட்கள் நீள்கின்றன. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை உச்சத்தை எட்டுகிறது.

மிதமான வெயில் காரணமாக இங்கு பலர் ஏசியைத் தொடர்ந்து பயன்படுத்துவதில்லை. கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தை நீக்கவோ, நெரிசலில் புகையைத் தவிர்க்கவோ சிறிது நேரம் இயக்கி நிறுத்துகின்றனர். சுருள் நனைவதற்கு அந்த நேரம் போதும், உலர்வதற்குப் போதாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் காற்றோட்டமற்ற தரைத்தள நிறுத்துமிடங்கள் ஈரத்தை மேலும் தக்கவைக்கின்றன.

சாலையோர மரங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஜகரண்டா, தபேபுயா, குல்மோகர் மரங்களின் பூக்களும் இலைகளும் கோடையில் உதிர்ந்து, முன்கண்ணாடி வைப்பருக்குக் கீழுள்ள கறுப்பு பிளாஸ்டிக் மூடியின் இடுக்குகளில் சேர்கின்றன. காருக்குள் வெளிக்காற்று நுழையும் வழி அதுவே. அங்குள்ள வடிகால் அடைபட்டால், முதல் பெருமழையின்போதே நீர் ஏசியின் காற்றாடிப் பகுதிக்குள் இறங்கக்கூடும்.

உடல்நலத்துக்கு எவ்வளவு ஆபத்து?

ஆரோக்கியமான பெரும்பாலானோருக்கு இது தும்மல், மூக்கடைப்பு, கண் எரிச்சல் போன்ற சிறு தொல்லைகளோடு நின்றுவிடும். ஆஸ்துமா, ஒவ்வாமை, நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் கூடுதல் எச்சரிக்கை தேவை. மாசடைந்த கார் ஏசியால் ஏற்பட்ட ஒவ்வாமை வகை நுரையீரல் அழற்சி குறித்த பதிவு 1981-ம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. இத்தகைய பாதிப்பு அரிதானது.

ஏசியை இயக்கினால் மூக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் அதிகரிப்பதாகக் கூறிய நோயாளிகளின் 8 கார்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1990-ல் வெளியானது. காருக்குள் இருந்த பூஞ்சை அளவு வெளிக்காற்றில் இருந்ததைவிடக் குறைவாகவே இருந்தது. ஏசியை முழு வேகத்தில் இயக்கியபின் நேரம் செல்லச் செல்ல அது மேலும் குறைந்தது. வெளிக்காற்று நுழையும் இடத்தில் வடிகட்டி பொருத்தியபோதும் கணிசமாகக் குறைந்தது. ஏசியை இயக்கியதும் சில நிமிடங்கள் ஜன்னல்களைத் திறந்து வைப்பதும், வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவதும் ஏன் பயனுள்ளவை என்பதை இந்த முடிவுகள் உணர்த்துகின்றன.

பெங்களூருவில் குழந்தைகளின் ஆஸ்துமா குறித்து மருத்துவர் எச். பரமேஷ் மேற்கொண்ட மருத்துவமனை சார்ந்த ஆய்வில், 18 வயதுக்கு உட்பட்டோரிடம் பாதிப்பு 1979-ல் 9 சதவீதமாக இருந்து 1999-ல் 29.5 சதவீதமாக உயர்ந்தது தெரியவந்தது. அதில் சுட்டிக்காட்டப்பட்ட முக்கியக் காரணிகளுள் ஒன்று காற்று மாசு; கார் ஏசி அல்ல. எனினும், சுவாசக் கோளாறு உள்ள குழந்தை தினமும் பயணிக்கும் காரில் பூஞ்சை வாடையை அலட்சியப்படுத்தக் கூடாது.

'கருப்புப் பூஞ்சை' நோயும் இதுவும் ஒன்றா?

இல்லை. 2021-ம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது பரவலாகப் பேசப்பட்ட மியூகோர்மைகோசிஸ், கட்டுப்பாடற்ற நீரிழிவு, அதிக ஸ்டீராய்டு பயன்பாடு போன்ற சூழல்களில் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களைத் தாக்கிய நோயாகும். பெங்களூரு பவுரிங் மருத்துவமனையில் அப்போது அதற்கெனச் சிறப்புச் சிகிச்சை அளிக்கப்பட்டது. குளிர்சாதனப் பெட்டியிலும் வெங்காயத்திலும் காணப்படும் கறுப்புப் படலமே அந்நோயை உண்டாக்கும் என அந்நாட்களில் பரவிய தகவல் தவறானது. ஏசி துவாரத்தின் கறுப்பு நிறத்தை மட்டும் வைத்து அந்நோயை அஞ்ச வேண்டியதில்லை.

முதலில் கண்டறிய வேண்டியவை

எல்லா வாடையும் பூஞ்சையால் வருவதில்லை. இனிப்பு கலந்த வாடையும் கண்ணாடியில் பிசுபிசுப்பான படலமும் இருந்தால், இன்ஜின் கூலண்ட் கசிவாக இருக்கலாம். அழுகிய வாடை வந்தால், காற்றுப் பாதையில் எலி இறந்து கிடக்க வாய்ப்புண்டு. எலியின் எச்சம் தென்பட்டால் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, கிருமிநாசினியால் நனைத்த பின்னரே அகற்ற வேண்டும். உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது.

ஈரமான நாளில் ஏசியை 15 முதல் 20 நிமிடங்கள் இயக்கினால் காரின் அடியில் தெளிந்த நீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லை எனில் வடிகால் குழாய் அடைபட்டிருக்கலாம். முன்பக்கப் பயணியின் கால் வைக்கும் இடத்தில் கார்பெட் நனைந்திருப்பதும் அதன் அறிகுறியே.

சுத்தம் செய்யும் முறை

* வைப்பருக்குக் கீழுள்ள பகுதியில் சேர்ந்த இலைகளை அகற்றி, வடிகால் துளைகளில் நீர் தடையின்றி இறங்குகிறதா எனப் பார்க்க வேண்டும்.

* பெரும்பாலான கார்களில் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கறுத்தோ நனைந்தோ இருந்தால் புதியது பொருத்த வேண்டும். காகித வகை ஃபில்டரைக் கழுவி மீண்டும் பயன்படுத்துவது சரியல்ல. பழைய, விலை குறைந்த சில மாடல்களில் ஃபில்டரே இருக்காது.

* அடைபட்ட வடிகால் குழாயைக் கீழிருந்து மென்மையாகச் சுத்தம் செய்ய வேண்டும். கூரான கம்பியை ஆழமாகச் செலுத்தினால் சுருள் சேதமடையலாம்.

* கார் குளிர்சுருளுக்கென விற்கப்படும் நுரை வகைத் திரவத்தை, அதன் உறையிலுள்ள வழிமுறைப்படி செலுத்த வேண்டும். அந்நேரத்தில் காற்றாடி நின்றிருக்க வேண்டும். நுரை கரைந்து அழுக்குடன் வடிகால் வழியே வெளியேற அவகாசம் அளிக்க வேண்டும்.

* பின்னர், திறந்த வெளியில் கதவுகளைத் திறந்து வைத்து, கம்ப்ரஸரை அணைத்த நிலையில் வெப்பக் காற்றை முழு வேகத்தில் சுமார் 10 நிமிடங்கள் ஓடவிட வேண்டும். சுருள் உலர்ந்த பிறகே புதிய ஃபில்டரைப் பொருத்த வேண்டும்.

இதன் பின்னும் வாடை நீடித்தால் பணிமனையை நாடலாம். காற்றாடியைக் கழற்றி, சிறிய கேமரா மூலம் சுருளைப் பார்த்துச் சுத்தம் செய்வது ஒரு முறை. சுருளையே வெளியே எடுப்பதற்கு டேஷ்போர்டின் ஒரு பகுதியைப் பிரிக்க நேரிடலாம். குளிரூட்டி வாயுவையும் முறைப்படி சேகரித்து மீண்டும் நிரப்ப வேண்டும். ஆகவே, சுருளைக் கழற்ற ஒப்புக்கொள்ளும் முன் ஃபில்டர், வடிகால், கார்பெட் ஆகிய மூன்றும் பரிசோதிக்கப்பட்டதா எனக் கேட்டறிவது செலவை மிச்சப்படுத்தும்.

தவிர்க்க வேண்டியவை

பிளீச்சிங் திரவத்தைத் துவாரங்களில் தெளிக்கக் கூடாது. அது அலுமினியத்தை அரிக்கும். ஆவி சுவாசப் பாதையைப் பாதிக்கும். அமிலம் அல்லது அம்மோனியா கலந்த திரவங்களுடன் சேர்ந்தால் நச்சு வாயு உருவாகும். ஸ்பிரிட் போன்ற எளிதில் தீப்பற்றும் திரவங்களை மூடிய காருக்குள் தெளிப்பது தீ விபத்துக்கு வழிவகுக்கும். ஓசோன் கருவிகள் பாதுகாப்பான அளவில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தப் போதுமானவை அல்ல என்றும், அதிக அளவிலான ஓசோன் நுரையீரலுக்குத் தீங்கு விளைவிக்கும் என்றும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரித்துள்ளது.

வெள்ளத்தில் சிக்கிய கார்கள்

வெள்ளம் புகுந்த கார்களுக்கு மேற்கண்ட முறைகள் போதாது. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெய்த கனமழையில் வெளிவட்டச் சாலை, பெல்லந்தூர், ஏமலூர், சர்ஜாப்பூர் சாலைப் பகுதிகள் மூழ்கின. குடியிருப்புகளின் நிறுத்துமிடங்களில் விலையுயர்ந்த கார்கள் உட்படப் பல வாகனங்கள் நீரில் நின்றன. அவ்வாண்டு நகரின் மொத்த மழையளவு 1,900 மில்லிமீட்டரைக் கடந்தது.

நனைந்த பொருட்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பது பொதுவான வழிகாட்டுதல். காரில் கார்பெட்டுக்கு அடியிலுள்ள நுரைப் பஞ்சு, மேற்பரப்பு காய்ந்த பின்னும் ஈரத்தைத் தேக்கி வைக்கும். எனவே இருக்கைகளையும் கார்பெட்டையும் கழற்றி உலர்த்த வேண்டும். இன்ஜினை இயக்க முயலாமல், புகைப்படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். சொந்த வாகனச் சேதத்துக்கான காப்பீட்டில் வெள்ளப் பாதிப்பு அடங்கும். நாளடைவிலான தேய்மானம் பொதுவாக அடங்காது.

பயன்படுத்திய காரை வாங்குவோர், சீட் பெல்ட்டை இறுதிவரை இழுத்துச் சேற்றுக் கறை உள்ளதா எனப் பார்ப்பது நல்லது. இருக்கைத் தண்டவாளங்களில் துரு, கார்பெட்டின் அடியில் மண் படிவு, கடுமையான வாசனைத் திரவியம் ஆகியவையும் எச்சரிக்கைக்கு உரியவை.

மீண்டும் வராமல் தடுக்க

பயணம் முடிவதற்கு 3 முதல் 5 நிமிடங்களுக்கு முன் கம்ப்ரஸரை மட்டும் அணைத்து, வெளிக்காற்று நிலையில் காற்றாடியை ஓடவிடுவது எளிய வழி. ஆனால், மழை பெய்யும்போது இப்படிச் செய்தால் சுருளிலுள்ள நீர் ஆவியாகி முன்கண்ணாடியை மறைக்கக்கூடும். அத்தகைய வேளையில் பார்வைத் தெளிவே முக்கியம் என்பதால் ஏசியைத் தொடர வேண்டும். பாதுகாப்பாக நிறுத்திய பின், இன்ஜினை அணைத்து, சாவியை 'ஆன்' நிலையில் வைத்துச் சில நிமிடங்கள் காற்றாடியை மட்டும் ஓட்டலாம். மூடிய தரைத்தளத்தில் இதற்காக இன்ஜினை இயக்கி வைப்பது கார்பன் மோனாக்சைடு ஆபத்தை விளைவிக்கும்.

நெரிசலில் புகையைத் தவிர்க்க உட்காற்றுச் சுழற்சியைப் பயன்படுத்துவோர், சாலை சீரானதும் வெளிக்காற்று நிலைக்கு மாற்ற வேண்டும். ஃபில்டரை ஆண்டுக்கு ஒருமுறையாவது, இயன்றவரை மழைக்காலம் முடிந்ததும் மாற்றுவது நல்லது. நனைந்த குடை, காலணி, மிதியடி ஆகியவற்றை இரவு முழுவதும் காரில் விடக் கூடாது.

காரில் ஏறியதும் தொடங்கி, இறங்கியபின் குறையும் இருமல், இளைப்பு, மூச்சுத்திணறல் மீண்டும் மீண்டும் ஏற்பட்டால் மருத்துவரை அணுக வேண்டும். எந்தச் சூழலில் அறிகுறி தோன்றுகிறது என்பதைக் குறித்து வைத்துத் தெரிவிப்பது, நோயின் காரணத்தை விரைவில் கண்டறிய உதவும்.