பூட்லோடரும் பார்ட்டிஷன் அட்டவணையும்

பூட்லோடர்: கணினியை முடுக்கியதும் வன்தட்டிலிருந்து இயக்குதளத்தை எடுத்து நினைவகத்தில் ஏற்றும் சிறு நிரல். தமிழ்நாட்டின் எளிய வீடுகளுக்குள் இது பரவலாக வந்தது, 2011 செப்டம்பரில் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தோடு. எல்காட் கொள்முதல் செய்த அக்கணினிகளில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே வட்டில் இருந்தன. எது வேண்டும் என்று முதலில் கேட்கிற பட்டியல்தான் பிள்ளைகள் கண்ட பூட்லோடர்.

இந்தப் பூட்லோடர் தொடங்கும் இடமான வட்டின் முதல் செக்டர் 512 பைட். ஐபிஎம் எக்ஸ்டி, டாஸ் 2.0 வந்த 1983இல் அது பங்கிடப்பட்ட விதம் நெடுங்காலம் நிலைத்தது: நிரலுக்கு 446 பைட், பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64, முத்திரைக்கு 2. வட்டின் ஒரு பங்குக்கு, அதாவது பார்ட்டிஷனுக்கு, 16 பைட் என்பதால் நாலே பங்கு.

ஒவ்வொரு பங்கின் எல்லையும் சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற மூன்று எண்களில் எழுதப்பட்டது. கணினியை முதலில் எழுப்பும் பயாஸில் சிலிண்டருக்கு 10 பிட்தான், அதாவது 1024. ஐடிஇ வட்டுகளோ 16 ஹெட்டுக்கு மேல் ஏற்கவில்லை. இரண்டும் சேர்ந்து 528 மெகாபைட்டில் வாசலை அடைத்தன. தப்பிக்க, பயாஸ் 255 ஹெட் இருப்பதாகக் கணக்குக் காட்டியது. அத்தனை ஹெட் உள்ள வட்டு எதுவும் கிடையாது. அந்தப் பொய்க்கணக்கும் 8.4 ஜிகாபைட்டோடு தீர்ந்தது.

இந்த வரம்புகளின் அடியை நேரடியாக வாங்கியது லினக்ஸின் லிலோ பூட்லோடர். அதற்குக் கோப்புமுறை தெரியாது. கர்னல் இருக்கும் செக்டர்களின் முகவரியை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளும். பயாஸ் கணக்கும் லிலோ கணக்கும் ஒத்துவராவிட்டால் திரையில் 'எல்', 'ஐ' என்ற இரண்டெழுத்தோடு நின்றுவிடும். கர்னலை 1024ஆம் சிலிண்டருக்குள் அடக்க, வட்டின் தொடக்கத்தில் சிறு 'பூட்' பார்ட்டிஷன் வைப்பது அன்றைய வழக்கம். செக்டர்களைப் பூஜ்யத்திலிருந்து வரிசையாக எண்ணும் எல்பிஏ முறையை பயாஸும் லிலோவும் ஏற்ற பிறகே இந்தச் சிக்கல் விட்டது.

லினக்ஸின் இன்னொரு பூட்லோடரான கிரப் கோப்புமுறையையே வாசிக்கும். முதல் பார்ட்டிஷன் 63ஆம் செக்டரில் தொடங்கியதால் முன்னால் காலியாகக் கிடந்த 62 செக்டரில் அது தன் மையப்பகுதியை வைத்துக்கொண்டது. மற்றவை லினக்ஸ் பார்ட்டிஷனில். இடம் போதவில்லை என்று ஒரு மாணவர் விண்டோஸிலிருந்து அந்தப் பார்ட்டிஷனை அழித்தால், மறுமுறை 'கிரப் ரெஸ்க்யூ' என்ற ஒற்றை வரிதான் வரும். சர்வீஸ் கடை மேசைக்கு அப்படி ஒரு கணினி வந்தால் ஃபார்மட் போடத் தேவையே இல்லை. விண்டோஸும் படங்களும் பாடங்களும் பத்திரமாக உள்ளே இருக்கும்; முதல் செக்டரின் நிரலை மாற்றி எழுதினால் போதும். இதைச் சொல்ல ஆளில்லாமல் பிள்ளைகள் இழந்த கோப்புகளை நினைத்தால் மனசு கனக்கிறது.

பழைய அட்டவணை செக்டர் எண்ணுக்கு 32 பிட் ஒதுக்கியதால் 2.2 டெராபைட்டில் முட்டியது. பயாஸுக்கு மாற்றான யுஇஎஃப்ஐயோடு வந்த ஜிபிடி என்ற புதிய அட்டவணை 64 பிட் எண்களும் வழக்கமாக 128 பங்குகளும் தருகிறது. வட்டின் கடைசியில் ஒரு நகலும் வைக்கிறது. பூட்லோடரும் தனிப் பார்ட்டிஷனில் சாதாரணக் கோப்பாக உட்கார்ந்துவிட்டது. முதல் செக்டரில் மட்டும் பழைய அட்டவணை தொடர்கிறது: பழைய மென்பொருள் வட்டைக் காலி என்று நினைத்து அழித்துவிடாதபடி 'ஈஈ' வகையில் ஒரே ஒரு பதிவு, அதில் சிலிண்டர் எண்ணுக்கான இடமும் உண்டு.